கோலாலம்பூர் பாடாங்கில் தாவீதைத் தேடி

வெள்ளிக்கிழமை காலை ஈப்போ ஸ்டேஷனில் நாங்கள் ஏறிய மூன்றாம் வகுப்புப் பெட்டி பாதிக்கு மேல் காலியாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இதே ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் தாப்பா வரை நின்றுகொண்டே போயிருக்கிறேன். ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்த பிறகு, ஊர்விட்டு ஊர் போகிற அளவுக்கு யாருக்கும் வேலையில்லை. எங்களுக்கு இருந்தது. என் தங்கை எஸ்தரின் கணவரைத் தேடிக்கொண்டு போனோம்.

1931, ஆகஸ்ட் விடுமுறை. நான் ஈப்போவில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. பெற்றோர் காலமான பிறகு எஸ்தரை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது நான்தான். மாப்பிள்ளை தாவீது கோலாலம்பூரில் ஒரு எந்திரப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். அவர் பந்தாடுவதைப் பார்த்துத்தான் அந்த வேலையையே கொடுத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். பிரிக்பீல்ட்ஸ் அணியில் அவர் நடு ஆட்டக்காரர். பட்டறையில் ஆள் குறைத்தபோது ஆட்டத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஜனவரியில் வேலை போனது. "ரெண்டு மாசத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று எஸ்தரையும் கைக்குழந்தையையும் என்னிடம் கொண்டுவந்து விட்டார். ஈஸ்டருக்கு ஒரு முறை வந்தார். அதன் பிறகு ஆளும் இல்லை, தகவலும் இல்லை.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் ரயில் பாதையில் ஏறக்குறைய நூற்று முப்பது மைல். கம்பாரைத் தாண்டும்வரை ஈயக் குட்டைகள். மண்வாரி எந்திரங்கள் ஓடாமல் தண்ணீரில் நின்றன. அதற்கப்புறம் ரப்பர். பல இடங்களில் மரத்துக்கு மரம் இடுப்புயரம் புதர் மண்டி, பால் வெட்ட ஆள் நடந்த தடமே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் பீடோர் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்தவராம்.

"எங்க லயத்துல இப்ப நாய்ங்கதான் குடியிருக்கு, டீச்சரம்மா" என்றார். "ஆளுங்களை எல்லாம் இந்தியாவுக்கே கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க."

"நீங்க போகலியா?"

"நான் கூட்டிட்டு வந்த ஆளுங்கதான் எல்லாரும். அவங்க போற கப்பல்ல நான் எப்படிம்மா ஏறுறது? மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

எஸ்தர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். குழந்தை பெயர் கிரேஸ். ஒன்றரை வயது. அப்போதுதான் நன்றாக நடக்க ஆரம்பித்திருந்தது.

பிற்பகல் கோலாலம்பூர். கூம்பும் கோபுரமுமாக ஒரு சுல்தான் அரண்மனையைப் போல அந்த ஸ்டேஷனைக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் ரிக்‌ஷாக்காரர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். சவாரி குறைந்ததால் பேரம் பேசவே தேவையில்லை. பதினைந்து காசுக்குப் பிரிக்பீல்ட்ஸில் கொண்டுவிட்டான் ஒரு சீனன். செங்கல் சூளைகள் இருந்த இடம். சூளைகள் போய்விட்டன, செம்மண் புழுதி மட்டும் போகவில்லை.

எஸ்தர் முன்பு குடியிருந்த வரிசை வீட்டுக்கு அடுத்த வீடு ரோசம்மாவுடையது. அவள் கணவர் அந்தோணி ரயில் எந்திரத்தில் கரி போடுகிறவர். தாவீதோடு ஒரே அணியில் பந்தாடுகிறவர். ரோசம்மா எங்களைக் கண்டதும் குழந்தையை வாங்கிக்கொண்டு, எஸ்தரின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

"கொஞ்ச நாள் இங்கதாங்க்கா இருந்தாரு. சாப்பிடக் கூப்பிட்டா, வெளிய சாப்பிட்டேன்னு சொல்லுவாரு. எங்க சாப்பிடுவாரு? ஒரு நாள் காலையில பாய சுருட்டி வச்சிட்டுப் போனவருதான்."

"எங்க போறேன்னு சொல்லலியா?"

"சொல்லலக்கா. ஆனா ஆட்டம்னா பாடாங்குக்கு வந்துடுவாராம். இவரு ரெண்டு மூணு வாட்டி பாத்திருக்காரு. கூப்பிட்டா கூட்டத்துல மறைஞ்சி போயிடுறாராம். நாளைக்கு ஆட்டம் இருக்கு."

அன்று எஸ்தர் தன் பழைய வீட்டு வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். வேறு யாரோ குடியிருந்தார்கள்.

சனிக்கிழமை.

கோலாலம்பூர் பாடாங்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரின் நடுவில், ஆறு பக்கத்தில் ஓட, பரந்து கிடக்கும் பச்சைப் புல்வெளி. கிழக்கே கடிகாரக் கோபுரமும் செப்புக் கும்மட்டங்களுமாக அரசாங்க அலுவலகங்கள். மேற்கே வெள்ளைக்காரர்களின் கிளப். வடக்கே அவர்களுடைய தேவாலயம். என் சிறுவயதில் நாங்கள் இந்த ஊரில் இருந்தோம். அப்பா ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். அவர் சொல்லித்தான் எனக்கு இந்த இடத்தின் கதை தெரியும். ஆதியில் இது சேற்று நிலம். சீனர்கள் கீரையும் காய்கறியும் பயிரிட்டார்கள். பிறகு போலீஸ்காரர்களைப் பயிற்சிக்கு நிறுத்தினார்கள். சகதியில் பூட்ஸ் புதைகிறதென்று மண்ணைக் கொட்டி நிரவினார்கள். மண் சுமந்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். நிரவிய இடத்தில் துரைமார்கள் கிரிக்கெட் ஆடத் தொடங்கினார்கள். பின்னாளில் ஊருக்கு எது வேண்டுமானாலும் அங்கேதான் என்று ஆகிவிட்டது. பட்டாள அணிவகுப்பு, பேண்ட் வாத்தியம், பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயம், ஹாக்கி, கால்பந்து, பெரிய மனிதர்களுக்கு வரவேற்பு. வெள்ளம் வந்த வருஷம் அங்கே படகு விட்டதாகவும் அப்பா சொல்வார்.

இங்கிலாந்து ராஜாவுக்கு முடிசூட்டியபோது எங்கள் பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் கொண்டுபோய் அந்தப் புல்லில் வெயிலில் நிறுத்தினார்கள். கையில் ஒரு சின்னக் கொடி. முடிந்ததும் ஆளுக்கு ஒரு பன்னும் ஒரு தம்ளர் எலுமிச்சை நீரும். பக்கத்தில் நின்ற பெண் மயங்கி விழுந்தாள். அவளுடைய பன்னையும் எனக்கே கொடுத்தார்கள். அந்த நாளை நான் பல காலம் சந்தோஷமான நாளாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஒரு முறை போய்ச் சுற்றி வந்தோம். போலீஸ் பேண்ட் பழகிக்கொண்டிருந்தது. வேலையில்லாதவர்கள் சாலையோர மர நிழலில் படுத்திருந்தார்கள். எஸ்தர் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்க் குனிந்து பார்த்தாள். சிலர் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். அவர்கள் தாமாக விழிக்கும்வரை காத்து நின்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டம். கிளப் பக்கம் நாற்காலிகள். அங்கே நாம் போக முடியாது. சாலைப் பக்கம் நாங்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள் எல்லாரும் கயிற்றை ஒட்டி நின்றோம். அவ்வளவு கூட்டத்தில் தமிழ்ப் பெண்கள் எங்களைத் தவிர நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அந்தோணி வலது பக்கம் ஆடினார். தாவீது ஆடிய இடத்தில் தாடி முளைக்காத ஒருவர் ஆடினார். நன்றாகவே ஆடினார். பந்து அவர் காலுக்கு வரும்போதெல்லாம் எஸ்தர் தலையைத் திருப்பிக்கொண்டாள். கூட்டம் முழுக்க ஒரே பக்கம் பார்த்துக் கத்த, அவள் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முகம் முகமாகத் தேடினாள்.

எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"பெரிய மைதானம் ஒண்ணு கட்டப் போறாங்களாம். சுத்திலும் படி, மேல கூரை. மழை பேஞ்சாலும் உக்காந்து பாக்கலாமாம்."

"எங்க?"

"ஊருக்கு வெளிய, பழைய ஈய லம்பக் குட்டைய தூத்துட்டு. ஆயிரம் பேருக்கு மண் வேலை கிடைக்குமாம்."

"இதத்தான் தைப்பூசத்துலேர்ந்து சொல்றாங்க" என்றார் மற்றவர்.

ஆட்டம் முடிந்து அந்தோணி ஈரச் சட்டையோடு வந்தார். அவரே கூட்டத்துக்குள் நுழைந்து விசாரித்தார். கடைசியில் ஒரு கச்சாங் வியாபாரியை அழைத்து வந்தார். தலையில் தட்டு வைத்துக் கடலையும் சுண்டலும் விற்கிற தூத்துக்குடிக்காரர். தாவீதை நன்றாகத் தெரியுமாம்.

"போன சனிக்கிழமை இங்கதாம்மா நின்னாரு. ஆட்டம் முடியிறதுக்குள்ள கிளம்பிட்டாரு. பூட்ஸ யாருக்கோ கொடுத்துட்டேன்னு சொன்னாரு. என்னய்யா அப்படின்னு கேட்டேன். ஊருக்குப் போறேன்னாரு."

"ஈப்போவுக்கா?" என்று எஸ்தர் கேட்டாள்.

அவர் அவளையும் குழந்தையையும் பார்த்தார். "கப்பல்லம்மா. கிள்ளான் பக்கம் கொட்டகையில ஆள் சேக்குறாங்க. அங்க போறேன்னுதான் சொன்னாரு."

தாவீது பிறந்தது கோலாலம்பூரிலேயே, செந்தூலில். கடலையே அவர் சரியாகப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை.

ரோசம்மா பூசை முடிந்து போகலாம் என்றாள். எஸ்தர் காத்திருக்கவில்லை. கிள்ளானுக்கு இருபது மைல். பஸ்ஸில் ஆளுக்கு நாற்பது காசு. டிரைவர் தமிழர்.

"அண்ணே, கப்பலுக்குப் போறவங்க தங்குற கொட்டகை எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"போர்ட் சுவெட்டன்ஹாம்லம்மா. கிள்ளான்ல இறங்கி ரயில் பிடிங்க, அஞ்சாறு மைலு. தினமும் அந்த ஆளுங்களத்தான் ஏத்திட்டுப் போறேன். திரும்பி வரும்போது வண்டி காலி." சற்றுக் கழித்து, "நீங்களும் போறீங்களா?" என்றார்.

"இல்ல, ஒருத்தரைக் கூட்டிட்டு வரப் போறோம்."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

போர்ட் சுவெட்டன்ஹாமில் காற்றே சேற்று வாடை அடித்தது. சதுப்பு மரங்களுக்கு நடுவே நீண்ட தகரக் கொட்டகைகள். கம்பி வேலிக்குள் நூற்றுக்கணக்கில் நம் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் சத்தம் மிகக் குறைவு. வாசலில் இருந்த பஞ்சாபிக் காவலரிடம் மலாயில் பெயரைச் சொன்னேன். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். கூப்பிட்டு வெகுநேரம் கழித்துத்தான் தாவீது வந்தார்.

இளைத்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். எஸ்தரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு கிட்டே வந்து குழந்தைக்குக் கை நீட்டினார். அது அடையாளம் தெரியாமல் அழுதது. கையை இழுத்துக்கொண்டார்.

"தம்பி, வீட்டுக்கு வாங்க" என்றேன். "நான் சம்பாதிக்கிறேன். நிலைமை சரியாகிற வரைக்கும் எல்லாரும் சேர்ந்து இருப்போம்."

"அக்கா, உங்க சம்பளத்தையும் குறைச்சிட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஈஸ்டருக்கு வந்தப்ப பார்த்தேன். நீங்க பட்டினி கிடந்துட்டு, சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்க. நானும் அதையேதான் வெளிய சொல்லிட்டுத் திரியிறேன். எனக்குத் தெரியாதா?"

எஸ்தர்தான் பேசினாள்.

"சொல்லாம போகலாம்னு இருந்தீங்களா?"

"அங்க போய் ஏதாவது கிடைச்சதும் எழுதலாம்னு இருந்தேன். மைதானம் கட்டுற வேலைக்கு ஆள் எடுப்பாங்கன்னாங்க. அந்தக் குட்டைகிட்ட தினமும் காலையில போய் நின்னேன் எஸ்தர். என்ன மாதிரி எத்தனையோ பேர். ஒருத்தன்கூட வந்து பேர் கேக்கல. கடைசியில போலீஸ் வந்து கலைச்சிட்டாங்க. இங்கதான் பேர் கேட்டாங்க. சோறும் போட்டாங்க."

"அங்க உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது."

"எனக்கும் யாரையும் தெரியாது" என்றாள் எஸ்தர். "ரெண்டு பேருமா தெரியாம இருப்போம். நானும் வரேன்."

அவர் வேண்டாம் என்றார். நானும் சொன்னேன். அவரைவிட அதிகமாக நான்தான் சொன்னேன். குழந்தையை நினை என்றேன். கப்பலில் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டும் என்றேன். எஸ்தர் வேலிக் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஈப்போவுல உக்காந்துக்கிட்டு இவர் இருக்காரா செத்தாரான்னு நாலு மாசம் இருந்தேன்க்கா. இன்னொரு வாட்டி என்னால முடியாது."

அன்று கிள்ளானில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் தங்கினோம். மனம் மாறுவாள் என்று எண்ணினேன். குழந்தையைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, எதுவும் நடக்காததுபோல் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை.

கப்பல் ஆற்று வாயில் நின்றிருந்தது. கொட்டகைக்குள் ஒரு மேஜை, அதன் பின்னால் பெயர் பதியும் கிராணி. இளைஞர், நம்மவர்தான். தாவீது தன் மனைவியும் குழந்தையும் வருகிறார்கள் என்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"முதல்ல தனி ஆள்னு சொன்னீங்களே?"

தாவீது எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். கிராணி கோபிக்கவில்லை. பெயர்களை எழுதிக்கொண்டார்.

"ஜில்லா?"

"வட ஆற்காடு."

"கிராமம்?"

தாவீது யோசித்தார். அவருடைய அப்பா சொல்லக் கேட்ட பெயர். இறந்துபோனவரைக் கேட்க முடியாது. ஒரு பெயரைச் சொன்னார். உடனே வேறு ஒரு பெயரைச் சொல்லி, "அந்த மாதிரி ஏதோ ஒண்ணு சார்" என்றார். கிராணி முதலில் சொன்னதை எழுதினார்.

"ஐயா, இவங்க ரெண்டு பேரும் இங்க பிறந்தவங்க" என்றேன். எனக்கே என் குரல் வகுப்பறைக் குரல்போலக் கேட்டது. "இவங்களை எந்த ஊருக்கு அனுப்புறீங்க?"

"வேலையில்லாதவங்க எல்லாரையும்தாம்மா அனுப்புறோம்" என்றார் அவர். "அவங்களா வந்து கேட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை.

உடுத்தியிருந்த சேலைக்கு மேல் ஒரு மாற்றுச் சேலைதான் எஸ்தர் கொண்டுவந்திருந்தாள். நான் என் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து அவள் மூட்டையில் வைத்தேன். குடையையும் கொடுத்தேன். படித்துறையில் விசைப்படகு வந்து நின்றது. ஆட்களை வரிசையாக இறக்கினார்கள். குழந்தைக்குப் படகைக் கண்டு குஷி. அப்போதுதான் அது அப்பாவின் தோளுக்குப் போனது. தாவீது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையை எனக்குக் கூப்ப முடியாமல் தலையை மட்டும் குனிந்தார்.

"போயிட்டு வரேன்க்கா" என்றாள் எஸ்தர்.

படகு கப்பலின் மறுபக்கமாகப் போய் நின்றதால் அவர்கள் ஏறுவதைப் பார்க்க முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியபோது ரோசம்மா எல்லாருக்குமாக உலை வைத்திருந்தாள். குழந்தைக்குப் பாலும் காய்ச்சி வைத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

மறுநாள் ரயிலுக்கு என்னோடு அந்தோணி வந்தார். ரயிலுக்கு நேரமிருந்ததால் ஸ்டேஷனைத் தாண்டிப் பாடாங் ஓரமாகச் சுற்றி நடந்தோம். சின்னப் பந்தல் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ பெரிய துரைக்குப் பிரிவு உபசாரமாம். புல்லை வெட்டும் எந்திரத்தை ஒரு மாடு இழுத்தது. மாட்டின் காலில் புல் கெடாமலிருக்கத் தோல் உறை மாட்டியிருந்தார்கள்.

"எனக்கும் நோட்டீஸ் கொடுத்துட்டாங்க டீச்சர்" என்றார் அந்தோணி. "அவகிட்ட இன்னும் சொல்லல."

"எப்ப சொல்லப் போறீங்க?"

"வர்ற சனிக்கிழமை ஒரு ஆட்டம் இருக்கு. பேரு கொடுத்துட்டேன். அது முடியட்டும்னு பாக்குறேன்."

ஸ்டேஷன் வந்துவிட்டது.

ஈப்போவிலும் ஒரு பாடாங் உண்டு. எங்கள் பள்ளிக்குப் போகும் வழியில்தான். அங்கேயும் சாயங்காலம் பந்தாட்டம், கயிற்றுக்கு இப்பால் கூட்டம். நான் அதன்பின் சற்றுச் சுற்றாக இருந்தாலும் கடைத்தெரு வழியாகவே போய்வந்தேன். எஸ்தரிடமிருந்து நாகப்பட்டினத்தில் இறங்கியதாக ஒரு கார்டு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு எழுத விலாசம் இல்லை.

மூன்று வருஷத்தில் ரப்பர் விலை ஏறியது. மறுபடியும் ஆட்கள் வேண்டும் என்றார்கள். போன கப்பல்களே திரும்பி வரத் தொடங்கின. அந்த விடுமுறையில் மீண்டும் கோலாலம்பூர் வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் அந்தோணி வீட்டில் வேறு ஆட்கள். அவர்கள் சிங்கப்பூர் பக்கம் போனதாக ஒருவரும், இல்லை என்று ஒருவரும் சொன்னார்கள். பாடாங்கில் ஏதோ பள்ளிக்கூட விளையாட்டு விழா. நிறையக் கொடிகள். பழைய ஈயக் குட்டையில் மைதானம் என்ன ஆயிற்று என்று ரிக்‌ஷாக்காரனைக் கேட்டேன். எந்த மைதானம் என்றான்.

அங்கிருந்து கிள்ளான் போனேன். ஸ்டேஷனில் கப்பலில் வந்திறங்கிய ஆட்கள் தங்கள் மூட்டைகளோடு ரயிலுக்குக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "தாவீதா? மலாயாக்காரருன்னு சொல்வாங்களே, அவரா?" என்றாள்.

"பந்தாடுவார்" என்றேன்.

"ஆடிப் பார்த்ததில்லம்மா. மெட்ராஸ்ல, ராயபுரத்துல ஒரே சந்துல இருந்தோம். துறைமுகத்துல மூட்டை தூக்கப் போவாரு. வேலை இல்லாத நாள்ல தீவுத்திடல்ல போய் ஆட்டம் பாத்துட்டு நிப்பாரு. அந்தக்கா வீட்டு வேலைக்குப் போவாங்க. ரொம்பப் பேச மாட்டாங்க."

"குழந்தை? பெண் குழந்தை. இப்ப அஞ்சு வயசு ஆகப் போகுது."

அவள் யோசித்தாள். "குழந்தை இருந்துச்சா? நான் அந்தச் சந்துக்குப் போனப்ப அவங்க ரெண்டு பேருதாம்மா இருந்தாங்க."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். எனக்கு இடம்விட்டுத் தன் மூட்டையை நகர்த்தினாள். பிறகு, ஈப்போ பக்கம் எந்தத் தோட்டத்தில் நல்லபடியாக வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இரண்டு பெயர்களைச் சொன்னேன். ரயில் வந்ததும் அவள் மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டு, அவள் எதிரில் உட்கார முடியாமல் அடுத்த பெட்டியில் போய் ஏறிக்கொண்டேன்.